எம்.டி.பி. வாங்கும் முன் டேப்பை எடுங்கள்: பிரேம் சைஸ் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

எம்.டி.பி. (மவுண்டன் பைக், மலைப்பாதைக்கான சைக்கிள்) வாங்கப் போகிறவர்கள் கியர் எத்தனை, டிஸ்க் பிரேக் எண்ணெயா கேபிளா, முன் சஸ்பென்ஷன் எப்படி என்று வாரக்கணக்கில் விசாரிக்கிறார்கள். பிரேம் சைஸ் பற்றிய பேச்சு மட்டும் கடையில் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கியர், பிரேக், டயர், சீட் எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பிரேம் பொருந்தவில்லை என்றால் சைக்கிளையேதான் மாற்ற வேண்டும்.

என் அளவு எது என்று தெரிந்துகொள்ளப் பல கடைகள் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் எம் என்றார்கள், அடுத்த கடையில் எல் என்றார்கள், இன்னொரு கடையில் "உங்க ஹைட்டுக்கு எதுவும் ஓகே சார்" என்றார்கள். யாரும் டேப்பை எடுத்து அளக்கவில்லை. கடைசியில் வீட்டிலேயே அளந்து, கம்பெனிகளின் அளவுப் பட்டியல்களைப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன். புதிதாக வாங்குகிறவர்கள் அந்த அலைச்சல் இல்லாமல் முடிக்க, செய்ய வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறேன்.

1. சக்கர அளவையும் பிரேம் அளவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

"26 இஞ்ச் சைக்கிள்", "29 இஞ்ச் சைக்கிள்" என்று கடையில் சொல்வது சக்கரத்தின் அளவு. பெரியவர்களுக்கான எம்.டி.பி.களில் 26, 27.5, 29 என்று மூன்று சக்கர அளவுகள் உண்டு. பிரேம் அளவு வேறு. அதை 15, 17, 19 என்று இஞ்சிலோ எஸ், எம், எல் என்று எழுத்திலோ குறிப்பார்கள். நம் வீடுகளில் இருந்த பழைய 22 இஞ்ச், 24 இஞ்ச் சைக்கிள்களில் அந்த எண் பிரேமைக் குறித்தது. அதை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் 26 இஞ்ச் எம்.டி.பி. என்றதும் பிரேம்தான் அவ்வளவு பெரியது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே கடையில் முதல் கேள்வி இதுதான்: "இந்த மாடல் எத்தனை பிரேம் சைஸில் வருகிறது?" ஒரே சைஸ்தான் என்று பதில் வந்தால் கவனமாக இருங்கள். குறைந்த விலை மாடல்கள் பலவும் 17 அல்லது 18 இஞ்ச் பிரேமில் மட்டும் வருகின்றன. நடுத்தர உயரக்காரர்களுக்கு அது தற்செயலாகப் பொருந்திவிடலாம். ஐந்தடிக்காரருக்கும் ஆறடிக்காரருக்கும் பொருந்த வாய்ப்பில்லை.

சக்கர அளவை நாமே தேர்ந்தெடுக்க முடியாத இடங்களும் உண்டு. ட்ரெக் கம்பெனியின் மார்லின் வரிசையில் எக்ஸ்எஸ், எஸ் பிரேம்களுக்கு 27.5 சக்கரமும் எம் முதல் மேலே 29 சக்கரமும் போட்டு விற்றிருக்கிறார்கள். சிறிய பிரேமில் பெரிய சக்கரத்தைத் திணித்தால் முன்பக்கம் மிக உயரமாகிவிடும் என்பதே காரணம். உங்கள் உயரம் 160 செ.மீ.க்குக் கீழே என்றால் 29 வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

2. வீட்டில் மூன்று அளவுகள் எடுங்கள்

தையல்காரரின் டேப், கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று, பென்சில், உதவிக்கு ஒரு ஆள். பத்து நிமிட வேலை.

உயரம்: செருப்பில்லாமல், குதிகால் சுவரை ஒட்டி நின்று அளக்கவும். அடையாள அட்டைக்காக எப்போதோ சொன்ன உயரத்தை நம்ப வேண்டாம்.

உள்கால் அளவு: இதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். வெறுங்காலில், பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, முதுகு சுவரைத் தொட நில்லுங்கள். புத்தகத்தை இரு தொடைகளுக்கும் நடுவே வைத்து, அதன் முதுகுப்பகுதி மேலே பார்க்குமாறு, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவு அழுத்தி மேலே தூக்குங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் உதவியாளர் கோடு போடட்டும். தரையிலிருந்து கோடு வரை உள்ள செ.மீ.தான் உள்கால் அளவு. ஒரே எண் மறுபடியும் வரும்வரை திரும்ப எடுங்கள். மெதுவாக வைத்து அளந்தால் மூன்று நான்கு செ.மீ. குறைவாக வரும், அதன் பிறகு போடும் கணக்கு முழுக்கத் தப்பாகும். பேண்ட்டின் உள்கால் அளவையும் எழுதிவிடாதீர்கள். அது கணுக்கால் பக்கமே முடிந்துவிடும்.

கைவீச்சு: இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை. இது உயரத்தைவிட அதிகமா குறைவா என்பது மட்டும் போதும்.

மூன்றையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் நிற்கும்போது தேவைப்படும்.

3. தோராயமான அளவைக் கண்டுபிடியுங்கள்

உயரத்தை மட்டும் வைத்துப் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது:

150–158 செ.மீ. (5 அடி 2 அங்குலம் வரை): 13–14 இஞ்ச், எக்ஸ்எஸ்
158–168 செ.மீ. (5 அடி 6 அங்குலம் வரை): 15–16 இஞ்ச், எஸ்
168–178 செ.மீ. (5 அடி 10 அங்குலம் வரை): 17–18 இஞ்ச், எம்
178–185 செ.மீ. (6 அடி 1 அங்குலம் வரை): 19–20 இஞ்ச், எல்
அதற்கு மேல்: 21–22 இஞ்ச், எக்ஸ்எல்

உள்கால் அளவை வைத்துப் போடும் கணக்கு ஒன்றும் உண்டு: உள்கால் செ.மீ. × 0.226 = பிரேம் இஞ்ச். உள்கால் 77 செ.மீ. என்றால் 17.4 இஞ்ச். சாலை சைக்கிளுக்கான பெருக்கல் எண் வேறு. தேடும்போது 0.66 என்று ஒன்று கண்ணில் பட்டால் அது சாலை சைக்கிள் பிரேமைச் செ.மீ.யில் சொல்வது. அதை எம்.டி.பி.க்குப் போடாதீர்கள்.

இரண்டு கணக்கும் ஒரே அளவைக் காட்டினால் நல்லது, அடுத்த படிக்குப் போகலாம். காட்டாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். உதாரணமாக 168 செ.மீ. உயரமுள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு உள்கால் 82 செ.மீ., கால் நீளம், உடம்பு குட்டை. கணக்கு 18.5 என்று பெரிய பிரேமைக் காட்டும். ஆனால் பெரிய பிரேம் என்றால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையிலுள்ள தூரமும் அதிகம். குட்டை உடம்புக்காரர் அதில் படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கும். மற்றவருக்கு உள்கால் 74 செ.மீ. கணக்கு 16.7 என்று சிறியதைக் காட்டும், ஆனால் அவருடைய நீண்ட உடம்பு அந்தப் பிரேமில் மடங்கி உட்காரும்.

கால் நீளத்துக்குச் சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். அதற்கு ஒரு சாணுக்கு மேல் இடம் இருக்கிறது. முன்பக்க நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு) மாற்றி ஒன்றிரண்டு செ.மீ. கிடைத்தால் பெரிது. அதனால் கால் நீளம் பிரேமின் எல்லையைச் சொல்லட்டும், அந்த எல்லைக்குள் உடம்பும் கையும் முடிவு செய்யட்டும். பல விற்பனையாளர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

4. கம்பெனியின் ஜியோமெட்ரி சார்ட்டைப் படியுங்கள்

ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எம் அல்ல. 17 இஞ்ச் என்பதும் அப்படித்தான். அது சீட் டியூபின் நீளம், அதாவது கிராங்க் (பெடல்கள் பூட்டிய கைகள்) சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் தண்டு) நுழையும் குழாயின் வாய் வரை. இப்போது ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்க உதவும் டிராப்பர் போஸ்ட் பொருத்துவதற்காக அந்தக் குழாயையே குட்டையாக்கிக்கொண்டு வருகிறார்கள். எனவே அந்த ஒரு எண்ணை வைத்து முடிவு செய்ய முடியாது. ஸ்பெஷலைஸ்டு தன் சில மாடல்களுக்கு எஸ்1, எஸ்2, எஸ்3 என்று புதுப் பெயர்களே வைத்துவிட்டது. அவற்றில் ஓட்டும் விதத்துக்கேற்ற நீளத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் ஜியோமெட்ரி சார்ட், அதாவது பிரேமின் அளவுகளைச் சொல்லும் பட்டியல், இருக்கும். நீளமான பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம், நான்கு எண்கள் போதும்.

ரீச்: கிராங்க் அச்சின் மையத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு இழுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டிலிருந்து ஹெட் டியூபின் (பிரேமின் முன்பக்கத்தில் ஹேண்டில்பார் சுழலும் குழாய்) மேல்முனை வரை உள்ள கிடைமட்டத் தூரம் ரீச். பெடலில் எழுந்து நின்று ஓட்டும்போது சைக்கிள் எவ்வளவு நீளம் என்பதை இது சொல்லும்.

எஃபெக்டிவ் டாப் டியூப்: ஹெட் டியூபின் மேல்முனையிலிருந்து கிடைமட்டமாகப் பின்னால் வந்து சீட் போஸ்ட்டைத் தொடும் வரை உள்ள தூரம். உட்கார்ந்து ஓட்டும்போது உள்ள நீளம் இது.

ஸ்டாக்: அதே கிராங்க் அச்சிலிருந்து ஹெட் டியூபின் மேல்முனை எவ்வளவு உயரம் என்பது. முதுகு வலி உள்ளவர்கள் இது அதிகமாக இருக்கும் பிரேமைப் பார்க்கலாம்.

ஸ்டாண்ட்ஓவர்: மேல் குழாய், அதாவது நாம் பார் என்று சொல்வது, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது. உள்கால் அளவிலிருந்து இதைக் கழித்தால் குறைந்தது 5 செ.மீ. மிஞ்ச வேண்டும். கல்லும் மேடுமான தடத்தில் ஓட்டப் போகிறவர்களுக்கு இன்னும் அதிகம் இருப்பது நல்லது.

ரீச்சைப் பற்றித்தான் எல்லா வீடியோக்களும் பேசுகின்றன. ஆனால் நம்மில் பெரும்பாலானோர் தார்ச்சாலையில் உட்கார்ந்து மிதித்து மலையடிவாரம் வரை போகிறோம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுகிறவர்கூட பெரும்பாலும் சீட்டில் உட்கார்ந்துதான் ஏறுவார். அப்படி ஓட்டுகிறவர்கள் எஃபெக்டிவ் டாப் டியூபையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கரடுமுரடான இறக்கங்களில் எழுந்து நின்று ஓட்டுகிறவர்களுக்கு ரீச் முதலில்.

சரி, எண் கிடைத்துவிட்டது, அது உங்களுக்கு அதிகமா குறைவா என்று எப்படித் தெரியும்? உங்கள் உயரமுள்ள நண்பரிடம் எம்.டி.பி. இருந்தால் அதை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அந்த மாடலின் பெயர், வருடம், சைஸ் மூன்றையும் குறித்துக்கொண்டு, அதன் சார்ட்டைத் தேடி எடுத்து, நீங்கள் வாங்க நினைக்கும் மாடலோடு ஒப்பிடுங்கள். 10 மி.மீ. வித்தியாசம் பெரிதாக உறைக்காது. 20 முதல் 25 மி.மீ. என்றால் ஏறக்குறைய ஒரு சைஸ் வித்தியாசம். வருடத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒரே பெயரில் வரும் மாடலின் பிரேம் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. கடையில் நிற்பது பழைய வருட சைக்கிள் என்றால் பழைய சார்ட்டைத்தான் பார்க்க வேண்டும்.

5. இரண்டு சைஸுக்கு நடுவே மாட்டிக்கொண்டால்

இப்போது கைவீச்சு உதவும். அது உயரத்தைவிடத் தெளிவாக அதிகம் என்றால் பெரிய சைஸ், குறைவு என்றால் சிறிய சைஸ். இரண்டும் சமம் என்றால் எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று பாருங்கள். நீண்ட தூரம் சீராக மிதிப்பவர்களுக்குப் பெரியது வசதி. வளைந்து நெளிந்து, குதித்து, இறக்கத்தில் ஓட்டுகிறவர்களுக்குச் சிறியது எளிதாக வளையும். எதுவும் தீர்மானமாகவில்லை என்றால் சிறியதை எடுங்கள். சிறிய பிரேமைக் கொஞ்சம் பெரிதாக்க வழி இருக்கிறது, பெரியதைச் சிறிதாக்க வழி மிகக் குறைவு.

சிறியதை எடுக்கும் நீண்ட கால்காரர்கள் சீட் போஸ்ட்டைக் கணக்குப் பார்த்துவிட வேண்டும். உள்கால் அளவை 0.883 ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை எவ்வளவு உயரம் வேண்டும் என்று தோராயமாகத் தெரியும். உள்கால் 82 செ.மீ. என்றால் 72.4 செ.மீ. 16 இஞ்ச் பிரேமின் சீட் டியூப் 40.6 செ.மீ. சீட்டின் கனத்துக்குச் சுமார் 5 செ.மீ. கழித்தால், போஸ்ட் கிட்டத்தட்ட 27 செ.மீ. வெளியே நிற்க வேண்டும். 350 மி.மீ. போஸ்ட் என்றால் உள்ளே 8 செ.மீ.தான் மிஞ்சும். போஸ்ட்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச நுழைவுக் கோடு பெரும்பாலும் 10 செ.மீ.யை ஒட்டி இருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்படி ஓட்டினால் பிரேம் குழாய் விரிசல் விடலாம், வாரண்டியும் போகும். இவருக்கு 400 மி.மீ. போஸ்ட் தேவை. வாங்கும்போது விட்டத்தைச் சரிபாருங்கள்: 27.2, 30.9, 31.6 என்று உண்டு. பழைய போஸ்ட்டின் அடியில் அந்த எண் பொறித்திருக்கும்.

6. கடையில் என்ன செய்ய வேண்டும்

தினமும் ஓட்டப்போகும் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே எதையும் சோதியுங்கள்.

பாரின் மேல் காலைப் போட்டு நிற்கச் சொல்வார்கள். இடைவெளி இருந்தால் "பாருங்க, சூப்பரா செட் ஆகுது" என்பார்கள். இப்போதைய எம்.டி.பி.களில் பார் பின்னோக்கி நன்றாகச் சரிந்திருப்பதால், பொருந்தாத பெரிய பிரேமில்கூட இடைவெளி கிடைத்துவிடும். இடைவெளி இல்லாவிட்டால் அந்த சைஸ் வேண்டாம் என்று உடனே தள்ளலாம். இருப்பதால் மட்டும் எடுத்துவிடக் கூடாது.

அடுத்து சீட் உயரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைக்கும்போது லேசாக மடங்கி இருக்கும். உட்கார்ந்தபடி இரண்டு கால்களும் தரையில் அகலமாக ஊன்ற வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த உயரத்தில் சீட்டை வைத்து ஓட்டினால் முழங்கால் முன்புறம் வலிக்கும்.

சீட்டைச் சரிசெய்த பிறகுதான் ஓட்டிப் பார்க்க வேண்டும். கடை வாசலில் ஒரு சுற்று போதாது, இருபது நிமிடமாவது கேளுங்கள். அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னால் ஓட்டுநர் உரிமமோ ஆதாரின் நகலோ கையில் இருக்கட்டும். ஓட்டும்போது கவனியுங்கள்: முழங்கை பூட்டியதுபோல் நீண்டு, உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கினால் பிரேம் நீளம் அதிகம். ஹேண்டிலைத் திருப்பும்போது முழங்கால் இடித்தால், அல்லது எழுந்து நிற்கும்போது நெஞ்சு ஹேண்டில்பாருக்கு மேல் போய்விட்டால் நீளம் குறைவு. பக்கத்து சைஸ் இருந்தால் அதையும் ஓட்டிப் பாருங்கள். அடுத்தடுத்து ஓட்டினால்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

"சீட்டை முன்னாடி தள்ளிக்கலாம் சார்" என்ற சமாதானத்தை ஏற்க வேண்டாம். சீட்டின் முன்பின் நகர்வு முழங்காலைப் பெடலுக்கு நேராகக் கொண்டுவருவதற்கானது. நீளப் பிரேமைக் குறைக்க அதைப் பயன்படுத்தினால் வலி முழங்காலுக்குப் போகும். ஸ்டெம் மாற்றுவதில் தவறில்லை, ஆனால் 10, 20 மி.மீ.க்கு மேல் மாற்ற வேண்டியிருந்தால் அது தவறான சைஸ்.

7. பணம், பில், காத்திருப்பு

பெரும்பாலோருக்குப் பொருந்தும் எம் சைஸ் முதலில் தீர்ந்துவிடும். பண்டிகைத் தள்ளுபடியில் மிஞ்சி நிற்பவை பெரும்பாலும் மிகச் சிறியதும் மிகப் பெரியதும்தான். உங்கள் சைஸ் அதுவே என்றால் நல்ல லாபம். இல்லை என்றால் எத்தனை ஆயிரம் குறைத்தாலும் வேண்டாம். அட்வான்ஸ் கொடுத்து வரவழைக்கச் சொல்லுங்கள், சில வாரங்கள் ஆகலாம். அட்வான்ஸ் ரசீதில் மாடல், வருடம், நிறத்தோடு பிரேம் சைஸும் எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது. வேறு சைஸ் வந்தால் பணம் திரும்ப வரும் என்ற வரியையும் எழுதி வாங்குங்கள்.

சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பழைய எம்.ஆர்.பி. ஒட்டிய சைக்கிளை விலைபேசும்போது இதைக் கேளுங்கள். சாதாரண அலாய் ஸ்டெம், சீட் போஸ்ட் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்நூறிலிருந்து ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். புது சைக்கிள் எடுக்கும்போதே ஸ்டெம்மை மாற்றித் தரச் சொன்னால் பல கடைகள் வித்தியாசத் தொகையை மட்டும் வாங்கிக்கொள்கின்றன.

சைக்கிளுக்கு ஆர்.சி. கிடையாது. உங்களுக்குச் சொந்தம் என்பதற்கு பில் மட்டுமே ஆதாரம். கிராங்க் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் பிரேம் எண்ணை பில்லில் எழுதச் சொல்லுங்கள். திருட்டுப் புகாருக்கும் காப்பீட்டுக்கும் வாரண்டிக்கும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். வாரண்டிப் பதிவை வாங்கிய அன்றே முடித்துவிடுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைத் திறக்கும் முன்பே அதன் மேல் ஒட்டியிருக்கும் சைஸைப் பாருங்கள். தவறாக இருந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள். பெடலும் ஹேண்டிலும் பூட்டி, டயரில் மண் பட்ட பிறகு திருப்பி எடுக்க மறுப்பார்கள். ஆர்டர் போடும் முன்பே சைஸ் மாற்றத்துக்கு எத்தனை நாள் அவகாசம், பெட்டியைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று படித்துவிடுங்கள். இவ்வளவு பெரிய பெட்டியின் கூரியர் கட்டணம் லேசில் போகாது.

8. வீட்டுக்கு வந்த பிறகு

முதல் இரண்டு வாரம் பக்கத்திலேயே ஓட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அதுவும் 5 மி.மீ. அளவில். முழங்கால் முன்புறம் வலித்தால் சீட்டைக் கொஞ்சம் ஏற்றவும். பின்புறம் வலித்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இரு பக்கமும் ஆடினாலோ இறக்கவும். உள்ளங்கை மரத்துப்போனால் சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சரியான உயரம் அமைந்ததும் போஸ்ட்டில் ஒட்டும் டேப் ஒன்றைச் சுற்றிக் குறித்துவையுங்கள், சர்வீஸுக்கு விட்டுத் திரும்பி வரும்போது உதவும். இவற்றால் தீராத வலிக்கு முறையாக பைக் ஃபிட் செய்பவரிடம், அதாவது உடம்புக்கேற்ப சைக்கிளை அளந்து சரிசெய்பவரிடம், போகலாம். சில ஆயிரம் ரூபாய் ஆகும், ஆனால் தவறான சைஸை அவராலும் சரியாக்க முடியாது.

9. பிள்ளைகளுக்கும் பழைய சைக்கிளுக்கும்

"வளர்ற பையன், பெரிசா வாங்கினா நாலு வருஷம் ஓடும்" என்று வாங்கிக்கொடுக்காதீர்கள். குரங்கு பெடல் போட்டு பெரிய சைக்கிளில் கற்றுக்கொண்ட தலைமுறைக்கு வேறு வழி இருக்கவில்லை. பிரேக் லீவருக்கு விரல் எட்டாத, கால் ஊன்ற முடியாத சைக்கிளில் பிள்ளையை மண்சரிவில் இறக்குவது ஆபத்து. இன்று பாரைத் தாண்டி நிற்க முடிகிறதா, லீவரை இரண்டு விரலால் இழுக்க முடிகிறதா என்பதை வைத்து வாங்குங்கள். நல்ல நிலையில் இருந்தால் இரண்டு வருடம் கழித்தும் விற்றுவிடலாம்.

பழைய எம்.டி.பி. வாங்குகிறவர்கள் விளம்பரத்தில் எழுதியிருக்கும் சைஸை நம்ப வேண்டாம். அங்கே பெரும்பாலும் சக்கர அளவைத்தான் எழுதியிருப்பார்கள். கிராங்க் அச்சின் மையத்திலிருந்து சீட் டியூபின் வாய் வரை டேப் பிடித்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். ஏன் விற்கிறீர்கள் என்றும் கேளுங்கள். புதிதுபோல் இருக்கும் பல சைக்கிள்கள் சைஸ் பொருந்தாததால்தான் விற்பனைக்கு வருகின்றன. விற்பவரின் உயரமும் உங்கள் உயரமும் ஒன்று என்றால் கூடுதல் கவனம் வேண்டும். நேரில் போகும்போது அசல் பில்லைக் கேட்டு, சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பில்லில் உள்ள எண்ணும் பிரேமில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.